பின்சுவருக்கு அந்தப் பக்கம்

வெல்டர் வீட்டில் இரண்டாவது முறை திருட்டுப் போனது பட்டப்பகலில். முதல் முறை போனதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பின்பக்கக் கொட்டகையில் கிடந்த கிரைண்டரும் ஒரு சுருள் கேபிளும் போயின. தொழில் சாமான், இன்றைக்குப் போனால் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இரண்டாவது முறை வந்தவன் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டான். மனைவி மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். பீரோவைக் கலைத்துப் போட்டு, மிக்சியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருந்தான். மத்தியானத்துக்கு வைத்திருந்த சோற்றைச் சட்டியோடு வழித்துத் தின்றுவிட்டு, தின்ற தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்தத் தட்டுதான் வெல்டரைப் புரட்டிப் போட்டது.

"மிக்சி போனா போகட்டும்டி. என் வீட்ல உக்காந்து, என் தட்டுல தின்னு, கழுவி வெச்சிட்டுப் போயிருக்கான். அவசரமே இல்ல பாரு அவனுக்கு. மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி."

"பசியோட வந்திருப்பான் போல" என்றாள் மனைவி.

"ஆமா, நீ இருந்திருந்தா பரிமாறியிருப்ப."

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்ட ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான அந்த முக்குல கிரில் பட்டறை வெச்சிருக்கறவரு? ஊருக்கெல்லாம் கதவு போட்டுக் குடுத்துட்டு உங்க வீட்டத் தொறந்து போட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். வெல்டருக்குக் காது மடல் வரை சூடேறியது. வெளியே வந்து சைக்கிளை எடுத்தவர், ஏறாமலே பட்டறை வரை தள்ளிக்கொண்டு போனார்.

எங்கள் தெருவில் அவர் போட்ட கேட் இல்லாத வீடு குறைவு. மட்டம் வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. மாட்டிய கேட் மழைக்காலத்திலும் கிறீச்சிடாது. ஆனால் அவர் வீட்டுக்கு மட்டும் அப்பா காலத்து மரக்கதவுதான் இருந்தது. திருட்டுக்குப் பிறகு ஒரே வாரத்தில் அந்த வீடு மிருகக்காட்சிசாலைக் கூண்டு மாதிரி ஆகிவிட்டது. முன்வாசலுக்கு இரும்புக் கதவு, அதற்கு உள்ளே இன்னொரு கிரில், மேலும் கீழும் தாழ்ப்பாள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. டீக்கடையில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பூட்டு வர்றாரு, சாவியத் தள்ளி வைங்கப்பா" என்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

பின்பக்கம்தான் பாக்கி. வீட்டுக்குப் பின்னால் துணி காயப் போடும் சிறு முற்றம். அதைச் சுற்றி ஆள் உயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரி வீடு. திருடன் அந்தச் சுவரின் மூலையில்தான் ஏறிக் குதித்திருந்தான். காரை பெயர்ந்து செருப்புத் தடம் பதிந்திருந்தது. சுவரை உயர்த்திக் கட்டலாம் என்றாள் மனைவி. வெல்டர், பட்டறையில் மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு, பழைய லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் வில்பட்டை இரண்டை எடுத்து வளைக்க ஆரம்பித்தார். தடித்த பட்டையைப் பற்களாக வெட்டி, நுனியைக் கிரைண்டரில் தீட்டி, வில்லோடு சேர்த்துப் பற்றவைத்தார். நடுவில் ஒரு தகடு. தகட்டில் பாரம் விழுந்தால் கொக்கி விடுபட்டு இரண்டு பக்கமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். திறக்க ஒரு கம்பி உண்டு. அதை எங்கே செருகி எந்தப் பக்கம் நெம்புவது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சுவர் மூலைக்கு நேர் கீழே, சிமெண்டில் நட்டு அதைப் பொருத்தினார். மேலே ஒரு பழைய கோணிச் சாக்கைப் போட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கை அளவு தடித்த பிளாஸ்டிக் குழாயைத் தகட்டில் வைத்து அழுத்தினார். தடாலென்று ஒரு சத்தம். குழாய் இரண்டாகப் போய் ஒரு துண்டு சுவரில் மோதி விழுந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது... காலே போயிடும்."

"போகட்டும். வேண்டாத இடத்துல வெக்கிற காலு."

"யாராவது தெரியாம..."

"தெரியாம யாரு சுவரேறிக் குதிப்பா? நீ துணி காயப் போட்டா அந்த மூலைக்கு மட்டும் போகாத. யாருகிட்டயும் மூச்சு விடாத. சொன்னா அது ஊர் பூரா போகும், அவன் காதுக்கும் போகும்."

"பக்கத்து வீட்டு அக்காகிட்டயாவது..."

"அவங்க வீட்டு வழியாத்தான் அவன் வந்திருக்கான். யாரு கண்டா?"

"சீ, வாய அலம்புங்க."

"நான் யாரையும் சொல்லலடி. யாரையும் நம்பலன்னு சொல்றேன்."

பகலில் எடுத்து வைத்துவிடலாமே என்றும் அவள் கேட்டுப் பார்த்தாள். அவன் பகலில்தானே வந்தான் என்று அவர் முடித்துவிட்டார்.

தையல்காரி தனியாள். புருஷன் இறந்த பிறகு கால் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிச் சீருடைகள் தைத்து, ஒரே மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தும் விட்டாள். வெல்டரைவிட நாலைந்து வயது மூத்தவள். அவரைத் தம்பி என்பாள். மனைவியை வாடி போடி என்பாள். இரண்டு பெண்களுக்கும் பேச்சு அந்தச் சுவர் வழியாகத்தான். இந்தப் பக்கம் ஒரு கல்மேல் இவள் ஏறி நிற்பாள், அந்தப் பக்கம் ஒரு நாற்காலிமேல் அவள். பாத்திரம் போகும், வரும். வெல்டர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. சில நாள் சாப்பிடத் தாமதமானால் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு முறை தெருவிலேயே சரிந்தபோது மடியில் போட்டு இனிப்புத் தண்ணீர் புகட்டியவள் தையல்காரிதான். அன்றிலிருந்து, "தின்னியாடி?" என்பதுதான் அவள் காலையில் கேட்கும் முதல் வார்த்தை.

இரும்பு வந்த பிறகு வெல்டர் மனைவி கல்லை அந்த மூலையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி அங்க போய் நிக்கற? நான் இங்க வெயில்ல கத்திக்கிட்டிருக்கேன்."

"அங்கதான்க்கா நெழலு." பிறகு, "அக்கா, இந்த மூலை இருக்குல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன மூலைக்கு?"

"ஒண்ணுமில்ல. காரை பேந்து கெடக்கு. பூசணும்."

அப்படி ஆரம்பித்து அப்படியே விழுங்கியது ஒரு நாள் மட்டுமல்ல.

அது நடந்த அன்று காலையில் வெல்டர் சீக்கிரமே பட்டறைக்குப் போய்விட்டார். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் மாடிப்படிக் கைப்பிடி அவசரம். மனைவி வழக்கம்போல் அவர் போனதும் உள்தாழ்ப்பாள்கள் எல்லாவற்றையும் போட்டாள். துணி துவைத்தாள். சாப்பிடாமலே வேலை பார்த்துவிட்டு, பாலை அடுப்பில் வைத்தவளுக்குக் கண் இருட்டியது. கையில் இருந்த பாத்திரத்தோடு தரையில் விழுந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

தையல்காரி பாத்திரம் விழுந்த சத்தத்தைக் கேட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் காஸ் வாடை வந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலேயே விட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓடினாள். இரும்புக் கதவைத் தட்டினாள், உதைத்தாள். அது வெல்டர் போட்ட கதவு. அசையவில்லை. "யாராவது வாங்களேன்" என்று தெருவைப் பார்த்துக் கத்திவிட்டு, திரும்ப ஓடி வந்து, தன் வீட்டுப் பின்பக்கம் நாற்காலிமேல் ஏறி, சுவர்மேல் வயிற்றைப் போட்டு, அந்த வயதில் எப்படித்தான் ஏறினாளோ, குதித்துவிட்டாள்.

அவள் போட்ட சத்தம் பட்டறைக்கே கேட்டது என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. அது பொய்யாக இருக்கலாம். எங்கள் தெரு முழுக்கக் கேட்டது உண்மை.

வலது கணுக்காலை இரும்பு கவ்விக்கொண்டது. அது சிமெண்டில் நட்டிருந்ததால் அவளால் ஓரடிகூட நகர முடியவில்லை. சமையலறை ஜன்னல் எதிரிலேயே இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் தரையில் வெல்டர் மனைவியின் புடவை தெரிகிறது. தையல்காரி உட்கார்ந்த வாக்கில் கையெட்டும் இடத்தில் துழாவி, பெயர்ந்து கிடந்த செங்கல்லை எடுத்து எறிந்தாள். முதல் கல் கம்பியில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது கல்லுக்குக் கண்ணாடி உடைந்தது. அதன் பிறகுதான் அவள் சாய்ந்தாள். கண்ணாடி உடைந்திராவிட்டால் நாங்கள் தாழ்ப்பாளை அறுத்து உள்ளே போன நேரத்துக்குப் பிணத்தைத்தான் எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார்.

வெல்டர் மனைவியைக் காற்றோட்டமாகத் தெருவில் கிடத்தினோம். தையல்காரியை எடுக்கத்தான் முடியவில்லை. கடப்பாரை போட்டால் பல் இன்னும் இறங்கியது. அவள் "வேணாம், வேணாம்" என்று தலையை ஆட்டினாள். ஆள் அனுப்பி வெல்டரைக் கூட்டி வந்தார்கள். கையில் கரியும் கண்ணில் வெல்டிங் கண்ணாடியுமாக வந்தவர், மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். சாக்கு நனைந்து கறுத்திருந்தது. அவர் கம்பியைச் செருகக் குனிந்தார். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை நெம்பினார். திறந்துகொண்டது.

அப்போது அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: "இங்க ஏன்க்கா குதிச்சீங்க?"

தையல்காரி அவரைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குத் தகவல் போனது. இன்ஸ்பெக்டர் தையல்காரியின் கட்டில் ஓரத்தில் வந்து நின்றார்.

"யார்மேல புகார்மா?"

"புகாரெல்லாம் ஒண்ணுமில்லைங்க. தெரியாம நடந்தது. தெரிஞ்ச பிள்ளைதான்."

"நீங்க குடுக்கலன்னாலும் கேஸ் உண்டும்மா. ஒரு கால் போச்சுன்னா அது உங்க ரெண்டு வீட்டு விவகாரம் இல்ல."

கால் போகவில்லை. ஆனால் கணுக்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷின் மிதிக்கும் கால் அது. பிறகு யாரோ மோட்டார் வைத்துக் கொடுத்தார்கள். இடது காலால் அழுத்திப் பார்த்தாள். ஓட்டம் கைக்கு அடங்கவில்லை. தையல் கோணிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் காலைத் தொங்கப் போட்டாலே வீங்கியது. பள்ளிச் சீருடை வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

போலீஸ் இரும்பைச் சிமெண்டோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. வெல்டரையும் கூட்டிக்கொண்டு போய், பிறகு ஜாமீனில் விட்டார்கள். அவர் நேராக வக்கீலிடம் போனார். மனைவியும் கூடப் போனாள்.

"என் வீடு சார். என் சுவரு. உள்ள நான் எதை வேணா வெப்பேன். ரோட்லயா வெச்சேன்?"

வக்கீல் வயதானவர். பொறுமையாகச் சொன்னார். "ஒருத்தன் உள்ள வந்துட்டான், கத்தியத் தூக்கிட்டான், நீங்க கையில கெடச்சதால அடிச்சீங்க. அதுல எனக்குப் பேச இடம் இருக்கு. பாத்தீங்க, பயந்தீங்க, அடிச்சீங்க. இது அப்படி இல்லியே. நீங்க பட்டறைல உக்காந்து டீ குடிக்கறீங்க, இங்க இரும்பு கடிக்குது. யாரக் கடிக்கறோம்னு அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"திருடன் மாட்டியிருந்தா?"

"அப்பவும் இதே கேஸ்தான். அவன் திருட்டுக்கு அவன் பதில் சொல்லுவான். அவன் காலுக்கு நீங்க பதில் சொல்லணும்."

"அப்ப நான் என்னதான் செய்யறது? மாலை போட்டு உள்ள கூப்பிடறதா?"

"சுவர உசத்துங்க, விளக்குப் போடுங்க, மணி கட்டுங்க, நாய் வளங்க. கத்தற சாமான் எது வேணா வைங்க. கடிக்கற சாமான் வெக்காதீங்க. சரி, நடந்தது நடந்துபோச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு வழி இருக்கு. அந்தம்மா உங்க அனுமதி இல்லாம சுவர் ஏறி வந்தவங்க. அதப் பிடிச்சுக்கிட்டுதான் போகணும். ஏற்கெனவே அந்தச் சுவர் வழியா ரெண்டு தடவை திருட்டும் நடந்திருக்கு."

மனைவி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் வக்கீலின் மேஜையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் கேட்டாள்: "அக்காவத் திருடின்னு சொல்லப் போறாங்களா?"

"யாரும் அப்படிச் சொல்லல. சுவர் ஏறினாங்கன்னு சொல்றாங்க. ஏறினாங்கதான?"

"எதுக்கு ஏறினாங்க?"

"சத்தம் போடாத. பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க."

வழக்கு வந்தபோது தையல்காரி இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து கூண்டில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. வெல்டரின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"வீட்டுக்காரங்க உங்கள உள்ள வரச் சொன்னாங்களாம்மா?"

"இல்லைங்க."

"இதுக்கு முன்னாடி எத்தன தடவை அந்தச் சுவர ஏறியிருக்கீங்க?"

அவளுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் வக்கீலைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற வெல்டரைப் பார்த்தாள். "தம்பி" என்றாள். அவ்வளவுதான். வெல்டர் குனிந்து தன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

மறு வாய்தாவுக்கு மனைவியின் சாட்சி. முந்தைய நாள் அவள் சாப்பாடு போடும்போது வெல்டர் தணிந்த குரலில் சொன்னார். "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். உனக்கு எதுவும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடு. தெரியும்னா உன்னையும் சேத்துடுவாங்க. உனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியாதுன்னு சொல்றது பொய் இல்லியா?"

"உனக்கு யாருடி முக்கியம்?"

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் கேட்பதற்கெல்லாம் நேராகச் சொன்னாள். இரும்பை அவர் செய்தது தெரியும். எங்கே வைத்தார் என்று தெரியும். குழாயை வைத்துக் காட்டியதைக் கண்ணால் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று சொன்னார். பகலிலாவது எடுக்கச் சொன்னாள், எடுக்கவில்லை.

வெல்டரின் வக்கீல் எழுந்தார். "பக்கத்து வீட்டம்மா உங்க அனுமதி இல்லாமதான வந்தாங்க?"

"மயங்கிக் கெடக்கறவகிட்ட எப்படிங்க அனுமதி வாங்கறது?"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி எழுதுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினார். அவள் யாரும் கேட்காமலே தொடர்ந்தாள். "எனக்குத் தெரியும்ங்க. தெனம் அந்தச் சுவத்துல நின்னு அக்காகிட்ட பேசினேன். சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. அத எழுதிக்கங்க."

வெல்டருக்குச் சிறைத் தண்டனையும், தையல்காரிக்கு நஷ்டஈடும் என்று தீர்ப்பானது. தன் உடைமையைக் காக்க எவருக்கும் உரிமை உண்டு, ஆனால் அவர் வைத்தது காவல் அல்ல, தாக்குதல் என்று நீதிபதி வாசித்தார். போலீஸ் வேனில் ஏறும்போது வெல்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ஏதோ புரியாத பாஷையில் பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கேஸ மூடிட்டியா?" என்று கேட்டார். அடுப்புக் காஸைக் கேட்டாரா, வழக்கைக் கேட்டாரா, அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் தையல்காரி வீட்டுக்குப் போனாள். சுவர் வழியாக அல்ல, தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக. தையல்காரி நாற்காலியில் காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டிப்போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைதான் இப்போது வருகிறது. மிஷின்மேல் ஒரு போர்வை கிடந்தது. உட்கார் என்று சொல்லவில்லை. இவளாகவே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் கோர்ட்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேன்."

"அவரு எங்கிட்ட..."

"அவன விடு." தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "திருட்டு பயத்துல செஞ்சான். கோர்ட்ல பயந்து வாய மூடிக்கிட்டான். அவன் அவ்வளவுதான். நீ சொல்லு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"தெனம் காலைல தின்னியாடின்னு கேப்பேன்ல. அப்ப ஒரு வார்த்த. அந்த மூலைல கால் வெக்காதக்கான்னு ஒரு வார்த்த. கோர்ட்ல அத்தன பேரு முன்னாடி சொல்ல வாய் வந்துச்சே, அந்தச் சுவத்துல வரலியே."

அவள் அழுதாள். தையல்காரி தடுக்கவில்லை. அடுத்த பொத்தானுக்கு ஊசியில் நூல் கோத்தாள்.

"காலு கூட அப்புறந்தாண்டி. நான் யோசிக்காம ஓடறவ. யாரு வீட்ல சத்தம் கேட்டாலும் மொதல் ஆளு நான்தான் போய் நிப்பேன். நேத்து எதிர்வீட்டுப் பெரியவரு இருமினாரு, எனக்கு வேர்த்துப்போச்சு. போகணும்னு தோணல. கூப்பிட்டுடுவாரோன்னு பயமா இருந்துச்சு. நான் அப்படி ஆளே இல்லியே."

"நான் உங்க மிஷின மிதிக்கறேன்க்கா. நீங்க துணியப் பிடிச்சுக்குங்க. கத்துக்கறேன்."

"வேணாம். உன் காலு உங்கிட்டயே இருக்கட்டும்."

வெளியே வெயில் தணிந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் சத்தமும் ஓய்ந்திருந்தது. அப்போது எதிர்வீட்டில் ஏதோ கனமாக விழுந்தது. அங்கே இருப்பவர் வயதான பஸ் டிரைவர், ஓய்வுபெற்று ஒண்டியாக இருக்கிறார். விழுந்த சத்தத்துக்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரியின் கை கட்டையைத் தேடிப் போய், பாதியில் நின்றது.

வெல்டர் மனைவி எழுந்தாள்.

"ஏய், நில்லு" என்றாள் தையல்காரி. "கேட்டத் தாண்டிப் போகாத. வெளியவே நின்னு மொதல்ல கூப்பிடு. கீழ பாத்துக்கோ."

அவள் ஓடினாள். கேட் திறந்துதான் கிடந்தது. கேட்டுக்கும் படிக்கும் இடையே சுத்தமாகப் பெருக்கிய மண்தரை, அதில் கோணிச் சாக்கால் ஒரு மிதியடி. அவள் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்று அந்த மிதியடியைப் பார்த்தாள்.

"ஐயா, உள்ள இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். பதில் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள்.